பெயரை மூடிவிட்டுப் பதில் சொல்லுங்கள்: கட்சிகளின் செய்தித் தொடர்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனைத்துக் கட்சிகளின் செய்தித் தொடர்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஓர் அரசியல்வாதி மீது ஒரு பெண் பாலியல் புகார் சொல்லியிருக்கிறார் என்ற செய்தி வந்ததும், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்னால் அவர் எந்தக் கட்சி என்று கேட்கும் பழக்கம் வாக்காளர்களாகிய எங்களுக்கு எப்போது தொற்றியது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றிரவே தொலைக்காட்சி விவாதத்தில் வந்து உட்காருகிறீர்கள். உங்கள் கையில் இரண்டு கட்டு வாக்கியங்கள் இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் எதிர்முகாமைச் சேர்ந்தவர் என்றால் முதல் கட்டு அவிழ்கிறது: உடனே பதவி விலக வேண்டும், பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் நிற்கிறோம், நெருப்பில்லாமல் புகையுமா. அவர் உங்கள் முகாமைச் சேர்ந்தவர் என்றால் இரண்டாவது கட்டு: சட்டம் தன் கடமையைச் செய்யும், இது அரசியல் காழ்ப்புணர்ச்சி, இத்தனை ஆண்டுகள் ஏன் வாய் திறக்கவில்லை, தேர்தல் நெருங்கும்போது மட்டும் எப்படி நினைவு வந்தது. ஆறு மாத இடைவெளியில் ஒரே நபர் ஒரே நாற்காலியில் அமர்ந்து, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், இரண்டு கட்டுகளையும் மாறி மாறி அவிழ்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகளில் ஒன்றில்தான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அந்த மாமியாரிடம்கூடக் குறைந்தபட்ச நேர்மை ஒன்று இருந்தது: குடம் உடைந்தது என்பதை அவர் மறுக்கவில்லை, அதன் விலையில்தான் பொய் சொன்னார். உங்கள் விவாதங்களில் உடைந்ததா இல்லையா என்பதே எவருடைய கை பட்டது என்பதைப் பொறுத்து முடிவாகிறது.

இது ஒரு கட்சியின் நோய் என்றோ ஒரு நாட்டின் நோய் என்றோ நான் எண்ணவில்லை. அமெரிக்காவில் இது அதிகம் பதிவாகியிருக்கிறது, ஏனென்றால் அங்கே விசாரணைகள் கேமரா முன்னால் நடந்திருக்கின்றன. 1991 அக்டோபர் 11 அன்று அனிட்டா ஹில் என்ற சட்டப் பேராசிரியர் செனட் சபையின் நீதிக் குழு முன்னால் அமர்ந்தார். உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பரிந்துரைக்கப்பட்டிருந்த கிளாரன்ஸ் தாமஸ், தனக்கு மேலதிகாரியாக இருந்தபோது பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்தார் என்று சாட்சியம் சொன்னார். தாமஸ் அதை முற்றிலுமாக மறுத்தார். அவர்கள் சேர்ந்து பணிபுரிந்த அலுவலகங்களில் ஒன்று, வேலையிடத்துப் பாகுபாடுகளையும் பாலியல் தொந்தரவுப் புகார்களையும் விசாரிப்பதற்கென்றே உள்ள ஆணையம் என்பது கதாசிரியர்கள்கூடக் கற்பனை செய்யத் தயங்கும் முரண். குழுவில் இருந்த 14 பேரும் ஆண்கள். தாமஸைப் பரிந்துரைத்த குடியரசுக் கட்சியினர் ஹில்லைக் குறுக்கு விசாரணை செய்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் குழுவுக்குத் தலைமை வகித்தவர் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன். ஹில்லின் கூற்றுக்கு வலு சேர்த்திருக்கக்கூடிய வேறு சாட்சிகளைப் பகிரங்கமாக அழைத்து விசாரிக்காமலே அவர் விசாரணையை முடித்தார். காதலில் ஏமாந்து பழிவாங்க வந்தவரா என்ற பொருளில் ஹில்லிடம் கேட்டவரும் அதே ஜனநாயகக் கட்சியின் உறுப்பினர். நான்கு நாட்கள் கழித்து 52க்கு 48 என்ற வாக்குகளில் தாமஸ் நீதிபதியானார்.

27 ஆண்டுகள் கழித்து, 2018 செப்டம்பர் 27 அன்று, அதே குழுவின் முன்னால் கிறிஸ்டீன் பிளேசி ஃபோர்டு அமர்ந்தார். உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பரிந்துரைக்கப்பட்டிருந்த பிரெட் கவனா பள்ளிப் பருவத்தில் தன்னைப் பாலியல் ரீதியாகத் தாக்கினார் என்பது அவர் சாட்சியம், கவனா மறுத்தார். இந்தமுறை குழுவின் 11 குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் ஆண்களாக இருந்ததால், காட்சிக்கு நன்றாக இருக்காது என்று கருதி, கேள்வி கேட்க ஒரு பெண் அரசு வழக்கறிஞரை வெளியிலிருந்து வரவழைத்தார்கள். 1991 கற்றுக்கொடுத்த பாடம் இவ்வளவுதான்: கேள்வி கேட்கும் குரல் பெண்குரலாக இருக்க வேண்டும். வாக்கெடுப்பு மட்டும் 50க்கு 48 என்று ஏறக்குறையக் கட்சிக் கோட்டின்மீதே நடந்து முடிந்தது. பெண்களை நம்புங்கள் என்று அந்த வாரம் பதாகை பிடித்தவர்களில் பலர், 2020இல் பைடன்மீது அவருடைய முன்னாள் ஊழியர் ஒருவர் புகார் சொன்னபோது, ஆதாரம் எங்கே, முன்பின் முரணாகப் பேசுகிறாரே, தேர்தல் ஆண்டில் ஏன் என்று கேட்டார்கள். 2018இல் அதே கேள்விகளைக் கேட்டவர்கள் 2020இல் அந்தப் பெண்ணை உடனே நம்பினார்கள். பைடன் புகாரை மறுத்தார். இரண்டு புகார்களுக்கும் இருந்த சான்றுகளின் வலு ஒன்றல்ல என்று சொல்பவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. அது நியாயமான வாதம். சான்றைப் படிப்பதற்கு முன்பே இரு தரப்பும் தத்தம் இடத்தில் போய் நின்றுகொண்டதைத்தான் சொல்கிறேன்.

ஒரு காட்சி என் மனத்தைவிட்டு அகல மறுக்கிறது. 2016 அக்டோபர் 9, செயின்ட் லூயிஸ் நகரம். பெண்களைத் தொடுவதைப் பற்றி டொனால்ட் டிரம்ப் பெருமையடித்துக்கொண்ட பழைய ஒலிப்பதிவு வெளியாகி இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. ஹிலாரி கிளின்டனோடு அவர் மோதவிருந்த விவாதத்துக்குச் சற்று முன்னால், செய்தியாளர்களை ஓர் அறைக்குள் அழைத்தார்கள். நீளமான மேசை. நடுவில் டிரம்ப். இரு பக்கமும் இரண்டிரண்டு பேராக நான்கு பெண்கள். அவர்களில் மூவர் பில் கிளின்டன்மீது வெவ்வேறு காலங்களில் பாலியல் புகார் சொன்னவர்கள். நான்காமவர், தன் பன்னிரண்டாம் வயதில் தனக்கு எதிராக நடந்த வன்கொடுமை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக இளம் வழக்கறிஞர் ஹிலாரி வாதாடினார் என்று சொன்னவர். பிறகு அவர்களை விவாத அரங்கத்துக்கே கொண்டுபோய்ப் பார்வையாளர் வரிசையில் அமர வைத்தார்கள்.

அந்த மேசையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பில் கிளின்டன் அந்தப் புகார்களை மறுத்தே வந்திருக்கிறார். அவற்றில் ஒன்று 1994இல் வழக்காகி, 1998இல் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல் 8,50,000 டாலர் கொடுத்து முடிக்கப்பட்டது. பெண்ணுரிமைக்காகக் குரல் கொடுத்த கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கட்சி, அந்த மூவரின் குரல் தன் காதில் விழாதபடி பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டது. மறு கட்சி, தன் வேட்பாளரின் ஒலிப்பதிவு வெளியான வார இறுதியில்தான் அவர்களை நினைவுகூர்ந்து நாற்காலி போட்டது. ஒரு தரப்புக்கு அவர்கள் இல்லாதவர்கள், மற்றொரு தரப்புக்குக் கேடயம். அவர்கள் சொன்னது உண்மையா என்பதில் அன்று அந்த அரங்கத்தில் இருந்த எவருக்காவது அக்கறை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் ஒரு நடுவர் குழு, எழுத்தாளர் ஈ. ஜீன் கேரோல் தொடுத்த உரிமையியல் வழக்கில், அவரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதற்கும் அவதூறு செய்ததற்கும் டிரம்ப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்து 50 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. அவர் இன்றும் மறுக்கிறார். செயின்ட் லூயிஸில் நாற்காலி போட்ட கட்சி அந்தத் தீர்ப்புக்குப் பின் அவரை மீண்டும் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்கி வெற்றியும் பெற்றது.

கிளின்டனைப் பதவி நீக்கும் தீர்மானம் 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய சில வாரங்களில் சபாநாயகராக அமர்ந்தவர் குடியரசுக் கட்சியின் டென்னிஸ் ஹாஸ்டர்ட். 2016இல் அவர் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஒருகாலத்தில் மல்யுத்தப் பயிற்சியாளராக இருந்தபோது மாணவர்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததை மறைக்கக் கொடுத்த பணம் தொடர்பான வங்கிக் குற்றத்துக்காக. மூலக் குற்றத்துக்கான காலவரம்பு எப்போதோ கடந்துவிட்டிருந்தது. இதைப் படித்ததும் உங்களில் ஒருவர், பார்த்தீர்களா, அவர்கள்தான் என்று இன்னொருவரைப் பார்த்து விரல் நீட்டப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். அந்த விரலைச் சற்று நேரம் மடித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஏனென்றால் கொள்கைக்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலை எவ்வளவு என்று பார்த்துத்தான் கட்சிகள் அதை வாங்குகின்றன. 2017 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் அல் ஃபிராங்கன்மீது புகார்கள் வந்தன. தன்னைச் சபையின் ஒழுங்கு நெறிக் குழுவே விசாரிக்கட்டும் என்று அவர் கேட்டார். அந்த விசாரணை முடியுமுன்னரே அவருடைய கட்சியைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட செனட்டர்கள் பதவி விலகச் சொன்னார்கள். டிசம்பர் 7 அன்று அவர் விலகலை அறிவித்தார். கொள்கை உறுதி என்று அது பாராட்டப்பட்டது. பாராட்டியவர்கள் ஒன்றைச் சொல்லவில்லை: அவர் மாநிலமான மின்னசோட்டாவின் ஆளுநர் அதே கட்சிக்காரர், காலியான இடத்துக்கு அதே கட்சிப் பெண் ஒருவரை நியமித்தார், கட்சிக்கு ஓர் இடமும் குறையவில்லை. 2019 பிப்ரவரியில் வர்ஜீனியாவில் துணை ஆளுநர் ஜஸ்டின் ஃபேர்ஃபாக்ஸ்மீது இரண்டு பெண்கள் புகார் சொன்னார்கள்; அவர் மறுத்தார். அதே நாட்களில் ஆளுநரும் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரும், இளமையில் கறுப்பினத்தவரைப் போல வேடமிட முகத்தில் கறுப்பு பூசிக்கொண்ட வேறு விவகாரத்தில் சிக்கியிருந்தார்கள். மூவரும் ஜனநாயகக் கட்சியினர். மூவரும் போனால் ஆளுநர் நாற்காலியில் அமரும் வரிசையில் அடுத்து இருந்தவர் குடியரசுக் கட்சியின் சபாநாயகர். விலகச் சொல்லும் அறிக்கைகள் வந்தன, போயின, ஒருவரும் விலகவில்லை.

அலபாமாவில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. ஃபிராங்கன் விவகாரம் நடந்த அதே வாரங்களில், அங்கே குடியரசுக் கட்சியின் செனட் வேட்பாளர் ராய் மூர்மீது, அவர் முப்பதுகளில் இருந்தபோது பதின்வயதினராக இருந்த தங்களிடம் தவறாக நடந்தார் என்று பல பெண்கள் சொன்னார்கள், அவர் மறுத்தார். கட்சியின் தேசியக் குழு முதலில் ஆதரவை விலக்கிக்கொண்டது, வாக்குப்பதிவுக்கு எட்டு நாட்களுக்கு முன்னால் மீண்டும் கொடுத்தது. அம்மாநில ஆளுநரான பெண்மணி கே ஐவி, புகார் சொன்ன பெண்களை நம்பாமலிருக்கத் தனக்குக் காரணம் எதுவும் இல்லை என்றும், ஆனாலும் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்துக்குத் தன் கட்சியின் வாக்கு செனட்டில் வேண்டும் என்பதால் மூருக்கே வாக்களிக்கப்போவதாகவும் செய்தியாளர்களிடம் சொன்னார். இதை எழுதும்போது எனக்கு ஒரு விசித்திரமான மரியாதை வருகிறது. உங்களில் எவரும் இந்த அளவுக்கு உண்மை பேசி நான் கேட்டதில்லை. அந்தத் தேர்தலில் மூர் தோற்றார் என்பதையும் குறித்து வைக்கிறேன். வாக்காளர்கள் சில நேரங்களில் கட்சிகளைவிட முன்னால் நடக்கிறார்கள்.

விலை கொடுத்த கட்சிகளும் உண்டு, ஆகையால் இது முடியாத காரியம் என்று சொல்லிவிட வேண்டாம். குடியரசுக் கட்சியின் செனட்டர் பாப் பேக்வுட்மீது பதினைந்துக்கும் மேற்பட்ட பெண்கள் சொன்ன புகார்களை விசாரித்த ஒழுங்கு நெறிக் குழுவில் இரு கட்சிகளுக்கும் சம உறுப்பினர்கள். தலைவர் அவர் கட்சிக்காரரே. 1995 செப்டம்பரில் அவரைச் சபையிலிருந்து வெளியேற்றலாம் என்று ஆறு பேரும் ஒருமனதாகப் பரிந்துரைத்தார்கள். அவர் விலகினார், இடைத்தேர்தலில் அந்த இடம் எதிர்க்கட்சிக்குப் போனது. 2021இல் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ கூமோ 11 பெண்களிடம் தவறாக நடந்தார் என்று அறிக்கை வெளியிட்ட மாநிலத் தலைமை வழக்கறிஞர் அவருடைய கட்சிக்காரர்தான். கூமோ மறுத்தார், ஆனால் ஒரு வாரத்தில் விலகலை அறிவித்தார். அந்த அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. பாலியல் தொந்தரவுக்கு எதிராகத் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பின் தலைவி, முதலில் புகார் சொன்ன பெண்ணின் நம்பகத்தன்மையைக் குலைக்க ஆளுநர் தரப்பு தயாரித்த கடித வரைவைப் படித்து ஆலோசனை சொல்லியிருந்தார். அது வெளியானதும் பதவி விலகினார். நண்பர்மீது புகார் வந்தபோது, தன் வாழ்நாள் வேலையின் மறுபக்கம் அவர் போய் நின்றுவிட்டார். இதை அவரை இழிவுபடுத்தச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நீங்களும் நானும் இருந்தால் என்ன செய்திருப்போம் என்ற கேள்வி எனக்கு எளிதாக இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். கேரளத்தில் 2024 ஆகஸ்டில், திரைத்துறைப் பெண்களின் நிலை குறித்த நீதிபதி ஹேமா குழு அறிக்கை வெளியானதைத் தொடர்ந்து எழுந்த புகார்களில் ஒன்று, அப்போது ஆண்ட மார்க்சிஸ்ட் கட்சியின் சட்டமன்ற உறுப்பினரான ஒரு நடிகரைப் பற்றியது. காங்கிரஸ் அவருடைய பதவி விலகலைக் கேட்டது. இடதுசாரிகள் சொன்ன பதில்: உங்கள் கட்சியில் புகாருக்கு ஆளான இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் விலகவில்லையே, எங்கள் உறுப்பினர் மட்டும் ஏன் விலக வேண்டும்? சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், காங்கிரஸின் இளம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்மீது பெண்கள் புகார் சொன்னார்கள். கட்சி அவரை இடைநீக்கம் செய்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சட்டமன்றப் பதவியை விட்டும் விலக வேண்டும் என்று மார்க்சிஸ்டுகள் கேட்டபோது வந்த பதில்: உங்கள் நடிகர் விலகவில்லையே? வசனம் ஒன்று, நடிகர்கள்தான் இடம் மாறிக்கொண்டார்கள். இந்த மூன்று நான்கு பேரில் எவர் குற்றவாளி, எவர் குற்றமற்றவர் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர்கள் எல்லோரும் புகார்களை மறுக்கிறார்கள். ஆனால் உன் ஆள் விலகவில்லை, ஆகவே என் ஆளும் விலக வேண்டியதில்லை என்ற தர்க்கத்தில் புகார் சொன்ன பெண் எந்த இடத்தில் வருகிறார் என்று சற்றுத் தேடிப் பாருங்கள். ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் தவறு இன்னொருவருக்கு விடுமுறைச் சீட்டாகிறது. இப்படிக் கணக்குத் தீர்த்துக்கொள்வதில் இரண்டு கட்சிகளும் கைகுலுக்கிக்கொள்ளாத குறைதான்.

கர்நாடகத்தின் ஹாசனில் நடந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் அங்கே ஏப்ரல் 26 அன்று வாக்குப்பதிவு. அதற்குச் சில நாட்கள் முன்னால், பென் டிரைவ்கள் ஊருக்குள் பரவின; மக்கள் கூடும் இடங்களில் போட்டுவிட்டுப் போனார்கள். அவற்றுக்குள், அத்தொகுதியின் மதச்சார்பற்ற ஜனதா தள உறுப்பினரும் மீண்டும் வேட்பாளருமான பிரஜ்வல் ரேவண்ணா தொடர்பான ஆபாசக் காணொளிகள் இருந்தன. பெண்களின் முகங்கள் மறைக்கப்படவில்லை. யாரோ ஒருவர், அல்லது பலர், உட்கார்ந்து அந்தக் கோப்புகளைப் பிரதி எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிரதியிலும் அண்டைவீட்டார் அடையாளம் காணக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். முகத்தை மறைக்கும் வேலைக்கு அதிக நேரமும் ஆகியிருக்காது. அதைச் செய்யவில்லை. எதிராளியை வீழ்த்தும் அவசரத்தில் அந்தப் பெண்கள் இரண்டாம் முறை பலியானார்கள். ரேவண்ணாவின் கட்சியோடு கூட்டணி வைத்திருந்த பாரதிய ஜனதா, வேறிடங்களில் பெண்கள் பாதுகாப்பைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே மாநில அரசு ஏன் முன்பே நடவடிக்கை எடுக்கவில்லை என்ற கேள்விக்குள் ஒதுங்கிக்கொண்டது. மாநிலத்தை ஆண்ட காங்கிரஸ் அந்தக் காணொளிகளைத் தேர்தல் மேடைப் பேச்சாக்கியது. வெளிநாடு சென்றிருந்த அவர் மே 31 அன்று திரும்பியபோது கைதானார். 2025 ஆகஸ்டில், வீட்டுப் பணியாளராக இருந்த ஒரு பெண்ணை வன்கொடுமை செய்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். தீர்ப்பைப் பெற்றுத்தந்தது கூட்டணியும் இல்லை, மேடைப் பேச்சும் இல்லை. நீதிமன்றத்தில் வந்து நின்று சாட்சி சொன்ன அந்தப் பணியாளர்.

பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் சொன்னது, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் 72ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2019இல் பொள்ளாச்சி வழக்கில் அரசாணையிலேயே பெண்ணின் அடையாளம் வெளியானது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அப்போது ஆட்சியில் அ.தி.மு.க. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில் முதல் தகவல் அறிக்கை கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன இடைக்கால இழப்பீடும் அதே 25 லட்சம். அப்போது ஆட்சியில் தி.மு.க. முதல் வழக்கில் கொதித்தவர்கள் இரண்டாவதில் தொழில்நுட்பக் கோளாறு பற்றிப் பேசினார்கள். முதலாவதில் தயங்கியவர்கள் இரண்டாவதில் கொதித்தார்கள். நீதிமன்றத்துக்குத்தான் தொகைகூட மாறவில்லை.

உங்கள் இரண்டாவது கட்டில் நீங்கள் அடிக்கடி எடுக்கும் வாக்கியம், இத்தனை ஆண்டுகள் ஏன் சொல்லவில்லை என்பது. அதற்கு ஒரு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. 2018 அக்டோபரில் பத்திரிகையாளர் பிரியா ரமணி, முன்னாள் பத்திரிகை ஆசிரியரும் அப்போது ஒன்றிய இணையமைச்சருமான எம்.ஜே. அக்பர்மீது பாலியல் புகார் சொன்னார். மேலும் பலர் சொன்னார்கள். அக்பர் மறுத்து, ரமணிமீது குற்றவியல் அவதூறு வழக்குத் தொடுத்து, பதவி விலகினார். 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. ஒரு பெண் தன் குறையைத் தான் விரும்பும் எந்த மேடையிலும், பல பத்தாண்டுகள் கழித்தும்கூடச் சொல்லலாம் என்றது அந்தத் தீர்ப்பு. அவர்கள் பேசத் தாமதித்ததைக் கேள்வியாக்கும் நீங்கள், உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒரு கட்சிக்கு ஆன தாமதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பாரதிய ஜனதா சட்டமன்ற உறுப்பினர் குல்தீப் சிங் செங்கார் 2018 ஏப்ரலில் கைதானார். கட்சி அவரை நீக்கியது 2019 ஆகஸ்டில், புகார் சொன்ன பெண் சென்ற காரில் லாரி மோதி அவருடைய உறவினர்கள் இருவர் இறந்த பிறகு. அவ்வாண்டு டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தப் பதினைந்து மாதங்களில் ஏன் பேசவில்லை என்று கேட்டால், சட்டம் தன் கடமையைச் செய்யும் என்ற பதில் வந்திருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அது வலுவான வாதமும்கூட. புகார் வந்த மாத்திரத்தில் எல்லோரையும் விலக்கினால், பொய்ப் புகார் அரசியலில் மலிவான ஆயுதமாகிவிடாதா? ஆகலாம். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் மானம் உண்டு, குடும்பம் உண்டு, தன் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு. எல்லாப் புகார்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று நான் கேட்கவில்லை. ஐயப்படுங்கள், ஆனால் உங்கள் ஆள்மீது வரும் புகாரை எந்த அளவு ஐயத்தோடு பார்க்கிறீர்களோ அதே அளவு ஐயத்தோடு எதிராளிமீது வரும் புகாரையும் பாருங்கள். தன் ஆளுக்கு நியாயமான விசாரணை கேட்பவர் எதிராளிக்கும் அதைக் கேட்டால், அந்த நாளிலிருந்து அவர் சொல்வதை நான் காது கொடுத்துக் கேட்பேன். இன்னொன்றையும் நீங்கள் வேண்டுமென்றே குழப்புகிறீர்கள். சிறைக்கு அனுப்ப ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். ஆனால் தேர்தலில் போட்டியிடும் வாய்ப்பு எவருடைய பிறப்புரிமையும் அன்று. கட்சி ஒருவருக்குச் சீட்டு மறுக்க ஆயிரம் சிறு காரணங்களைச் சொல்கிறது: சாதி எண்ணிக்கை சரியில்லை, பணபலம் போதாது, தலைவரின் மனம் குளிரவில்லை. பல பெண்கள் ஒரே மாதிரிப் புகார் சொல்லும்போது மட்டும் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வரட்டும் என்கிறீர்கள். மல்யுத்த வீராங்கனைகள் 2023இல் தெருவில் அமர்ந்து போராடிய பிறகு, குற்றம் சாட்டப்பட்ட கூட்டமைப்புத் தலைவருக்கு 2024இல் பாரதிய ஜனதா சீட்டுக் கொடுக்கவில்லை; அவருடைய மகனுக்குக் கொடுத்தது. புகாரை மறுக்கும் அவருக்கும், புகார் சொன்னவர்களுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிவிட்டதாக அந்தக் கட்சி நினைத்திருக்க வேண்டும்.

இனி, நான் கேட்பது. இந்தியாவில் பத்துப் பேர் வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை இயற்றிய கட்சிகளுக்கு அது பொருந்தாது. கட்சிக்கும் உறுப்பினருக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை என்பதால் அவர்கள் குழு அமைக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதை எதிர்த்த மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே மாநாட்டுக்குத் தொண்டர் படையோடு வரும் பெண்ணுக்கு, தேர்தல் நேரத்தில் இரவு பகலாகக் கட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, மாவட்டச் செயலாளர்மீது புகார் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அந்த மாவட்டச் செயலாளரின் நண்பர்கள். 2020இல் கேரள மகளிர் ஆணையத்தின் தலைவியே, தன் கட்சிதான் நீதிமன்றமும் காவல் நிலையமும் என்று சொல்லிச் சர்ச்சைக்குள்ளானார். அவர் வாய் தவறிச் சொன்னதாக நான் எண்ணவில்லை. பெரும்பாலான கட்சிகள் சொல்லாமல் கடைப்பிடிப்பதைத்தான் அவர் சொல்லிவிட்டார். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது நீங்களாகவே செய்வதற்குத் தடையில்லை. வெளியாள் ஒருவரைத் தலைவராகவும், பெண்களைப் பெரும்பான்மையாகவும் கொண்ட குழுவை அமையுங்கள். எந்த நிலையில் இடைநீக்கம், எந்த நிலையில் சீட்டு மறுப்பு, எவ்வளவு நாளில் விசாரணை முடிவு என்பதை எழுதி வெளியிடுங்கள், அதுவும் இப்போதே, உங்கள் கட்சியில் எவர்மீதும் பெரிய புகார் இல்லாத ஒரு வாரம் கிடைத்தால் அந்த வாரத்தில். பெயர் தெரிந்த பின் எழுதப்படும் விதி அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் வளையும்.

உங்களிடம், தனிப்பட்ட முறையில், ஒன்று கேட்கிறேன். அடுத்த புகார் வரும் இரவில், தொலைக்காட்சி நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முன், அந்தச் செய்தியை ஒரு தாளில் எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் வரும் இடத்தையும் கட்சியின் பெயர் வரும் இடத்தையும் வெற்றிடமாக விடுங்கள். புகார் என்ன, எத்தனை பேர் சொல்கிறார்கள், யாரிடம் எப்போது சொன்னார்கள், மறுப்பு என்ன என்பதை மட்டும் வைத்து, என்ன நடக்க வேண்டும் என்று கீழே எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு வெற்றிடங்களை நிரப்புங்கள். விவாதத்தில் உங்கள் முறை வரும்போது அந்தத் தாளை அப்படியே வாசியுங்கள். கட்சித் தலைமையிடமிருந்து இடையில் தொலைபேசி அழைப்பு வந்தால், அந்த அழைப்பில் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து வாசித்தால் நாங்கள் மறுநாளும் அதே நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது வாக்களித்திருக்கும் ஒருவர்